மலையப்பன் பார்த்த பெர்கன்

பெர்கன் நகரத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மீன் சந்தை, மலை மேல் ஏறும் ரயில், கலர் கலரான மரவீடுகள், நாலு படம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். அதெல்லாம் கொஞ்சம் வரும். ஆனால் விஷயம் வேறு. நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் அந்த ஊரில் 1715-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு தமிழ் இளைஞன் கப்பலிலிருந்து இறங்கினான். பெயர் மலையப்பன். தரங்கம்பாடியிலிருந்து வந்தவன். நம்மில் பலர் விமானத்தில் வந்து இறங்குகிற நாட்டுக்கு, நமக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் வந்து போனவன். அவனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஊர்க்காரர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நான் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்காரன். அதாவது மலையாள நாட்டில் பிறந்த தமிழன். அங்கே எங்களைப் "பாண்டி" என்பார்கள். நாகர்கோவில் தாண்டி வந்தால் "மலையாளத்தான்" என்பார்கள். பழகிவிட்டது. ஆனால் மலையப்பன் கதையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழைத்தான் "மலபார் மொழி" என்றார்கள். தஞ்சாவூர் ராஜ்யத்துத் தமிழன் அவர்கள் கடிதங்களில் "மலபாரி". ஆக, இந்தக் குழப்பம் எங்களுக்கு மட்டும் புதிதாக வந்ததில்லை :-)

சரி, தரங்கம்பாடிப் பையன் நார்வேக்கு எப்படி வந்தான்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியன் 1616-இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார். ஓவே கெட்டே என்ற இளம் தளபதி 1618-இல் கோபன்ஹேகனிலிருந்து கப்பல்களோடு கிளம்பினார். இலங்கையில் காலூன்றப் பார்த்து, அது சரிப்படாமல், 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டார். தரங்கம்பாடி கிடைத்தது. டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. அன்றிலிருந்து 1845 வரை, நடுவில் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த சில வருஷங்கள் போக, அந்த ஊரில் டேனிஷ் கொடி பறந்தது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள்.

இதில் நார்வே எங்கே வந்தது என்றால், 1814 வரை டென்மார்க்கும் நார்வேயும் ஒரே ராஜாவின் கீழ் இருந்தன. ஆகவே டேனிஷ் கப்பல் என்றால் அதில் நார்வே மாலுமிகளும் உண்டு. தரங்கம்பாடியின் கடைசிக் காலத்துக் கவர்னர்களில் ஒருவரான பீட்டர் ஆங்கர் (1788 முதல் 1806 வரை) நார்வேக்காரர்தான். அவர் வரைந்த தென்னிந்தியக் கோயில், கோட்டை ஓவியங்கள் இன்றும் ஒஸ்லோவில் பத்திரமாக இருக்கின்றன.

எங்கள் பக்கமும் இவர்கள் வந்திருக்கிறார்கள். வர்க்கலைக்குப் பக்கத்தில் இடவா என்று ஒரு கடற்கரை ஊர். திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் போகிற ரயிலில் கண் அயர்ந்தால் தவறவிட்டுவிடலாம், அவ்வளவு சின்ன ஸ்டேஷன். அங்கே 1696 முதல் 1722 வரை டேனிஷ்காரர்களுக்கு வியாபாரக் கிட்டங்கி இருந்தது. பிறகு 1755-இல் குளச்சலில் இன்னொன்று. எல்லாம் நல்லமிளகு படுத்தும் பாடு. கிழக்கேகோட்டை சாலைக் கடைத்தெருவில் இன்றைக்கும் மிளகு மூட்டை வாசனை அடிக்கிற சந்து ஒன்றில் நின்றால், கோபன்ஹேகன் அப்படியொன்றும் தூரமில்லை என்று தோன்றும்.

இப்போது மலையப்பனுக்கு வருவோம்.

1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அனுப்பியவர் டென்மார்க் ராஜா நான்காம் ஃபிரெடரிக். சீகன்பால்குக்கு அப்போது வயது 24. மதம் பரப்ப வந்தவர்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் தமிழைக் கற்றுக்கொண்ட வேகம் அசாத்தியம். திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் படித்தார். பல மொழி பேசிய அழகப்பன் என்ற தமிழர் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஓலைச்சுவடிகளாகச் சேர்த்தார். 1712-க்குப் பிறகு ஹாலேயிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த உதவியால் அச்சுக்கூடம் வைத்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார்.

உள்ளூர் டேனிஷ் தளபதியோடு அவருக்குத் தீராத தகராறு. ஒருமுறை நாலு மாதம் கோட்டைச் சிறையிலேயே இருந்தார். இந்தத் தகராறுகளை ராஜாவிடமே நேரில் சொல்லித் தீர்க்க 1714 அக்டோபரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். கூடவே மலையப்பனையும் கூட்டிக்கொண்டு போனார்.

எதற்காக? இதுதான் முக்கியம். நடைப் பயணத்துக்கு மூட்டை தூக்க அல்ல. தமிழ் பேசுவதற்காக! ஏழெட்டு மாதக் கப்பல் பயணம், அப்புறம் ஐரோப்பாவில் ஒரு வருஷம். அத்தனை நாள் பேசாமல் இருந்தால் தமிழ் மறந்துபோகும். அது மட்டுமில்லை, கப்பலிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலைகள் இருந்தன. பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ஒன்று. ஐரோப்பியர்களுக்காக லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணம் இன்னொன்று. ஒரு வாக்கியம் சரியா, ஒரு வினைமுற்று இப்படித்தான் முடியுமா என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் மலையப்பன்.

யோசித்துப் பாருங்கள். அட்லாண்டிக் நடுவில், உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்றுகொண்டு, ஒரு வெள்ளைக்காரர் "நான் வந்தேன், நான் வருகிறேன், நான் வருவேன்" என்று கேட்க, ஒரு தமிழ்ப் பையன் திருத்திக்கொண்டு வருகிறான். அந்த இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் "கிராமாட்டிகா தமுலிகா" என்ற பெயரில் வெளிவந்தது. அதில் புலவர் தமிழைவிட மக்கள் பேசிய தமிழுக்கு அதிக இடம் உண்டு. அந்தப் பேச்சு யார் வாயிலிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஆனால் தலைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர்தான். சீகன்பால்கு.

1715 ஜூன் முதல் நாட்களில் கப்பல் பெர்கனில் கரை சேர்ந்தது. அது டென்மார்க்கும் ஸ்வீடனும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். ராஜாவே ஜெர்மன் கரையில் இருந்த ஸ்ட்ரால்சுண்ட் கோட்டையை முற்றுகையிடப் போய்விட்டார். அவரைத் தேடிக்கொண்டு சீகன்பால்கு போர்முனைக்கே போனார். பிறகு கோபன்ஹேகன், ஹாலே, இங்கிலாந்து. 1716 ஆகஸ்டில் சென்னையில் வந்து இறங்கினார்கள். இறங்கும்போது சீகன்பால்குக்குக் கல்யாணமும் ஆகியிருந்தது. மலையப்பன் ஊர் திரும்பிவிட்டான்.

இவ்வளவுதான் கதை. ஆனால் எனக்கு அந்த பெர்கன் நாட்கள்தான் மனதில் நின்றுபோயின.

ஒஸ்லோவில் படிக்க வந்த காலத்தில், ஒரு நூலகப் புத்தகத்தில் மலையப்பன் பெயரைப் பார்த்த பிறகு, ஒரு ஜூன் மாத வார இறுதியில் தனியாகப் பெர்கனுக்குக் கிளம்பினேன். கூட வருவதாக இருந்த இரண்டு பேருக்கும் பரீட்சை. மாணவர் சலுகையில் ராத்திரி ரயில் டிக்கெட், டப்பாவில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல். சுமார் 500 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துச் சொச்சம். 1909-இல் திறந்த இந்த ரயில்பாதை மலை மேல் 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்ஸே என்ற ஸ்டேஷன் வரை ஏறி இறங்குகிறது. ஜூன் மாதத்திலும் அங்கே பனி கிடந்தது. மலையப்பன் கப்பலில் கிடந்தது ஏழு மாதத்துக்கு மேல். எனக்கு ஏழு மணி நேரம். கணக்கு பொருந்தியது ஒரு சின்னச் சந்தோஷம்.

பெர்கனில் முதலில் கண்ணில் படுவது மழை. வருஷத்தில் இருநூறு நாளுக்கு மேல் பெய்யும் ஊர். இடவப்பாதி மழையில் பழவங்காடிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்தவனுக்கு மழை ஒரு பொருட்டா என்று குடை இல்லாமல் போயிருந்தேன். அந்த மழை வேறு, இந்த மழை வேறு. நம்மூர் மழை கொட்டிவிட்டுப் போகும். இது சத்தமே இல்லாமல், ஈரத்துணியை முகத்தில் போட்டது போல, நாள் முழுக்க.

துறைமுகத்தின் ஒரு கரையில் பிரிக்கன். கூரான நெற்றியோடு தோளோடு தோள் இடித்து நிற்கும் மரக்கட்டிடங்கள். 1979 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். நடுக்காலத்தில் ஜெர்மன் வியாபாரிகளின் ஹன்சா சங்கம் இங்கே கடை போட்டு உட்கார்ந்திருந்தது. வடக்கே லோஃபோடன் தீவுகளிலிருந்து காற்றில் காயவைத்த காட் மீன் வரும். பதிலுக்குத் தானியம் போகும். கருவாட்டுக்கு அரிசி, அவ்வளவுதான் சமாச்சாரம். அந்த ஜெர்மன்காரர்களின் கடைசி அலுவலகம் மூடியது 1754-இல். அதாவது மலையப்பன் வந்தபோது அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

இன்னொன்று. 1702-இல் பெர்கனில் பெரும் தீ. ஊரின் பெரும்பகுதி சாம்பல். இன்று நாம் "பழைய பிரிக்கன்" என்று படம் எடுக்கும் வரிசை அந்தத் தீக்குப் பிறகு எழுந்தது. ஆகவே மலையப்பன் கண்ட பிரிக்கன் புத்தம் புதியது. தாரும் புது மரமும் மணக்கிற கட்டிடங்கள், மூட்டை மூட்டையாகக் கருவாடு. தரங்கம்பாடிக் கடற்கரைப் பையனுக்கு அந்த நாட்டில் முதன்முதலாகப் பழகிய ஒன்று கிடைத்தது என்றால் அது அந்த வாடையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். அவன் எழுதி வைக்கவில்லை.

அப்புறம் வெளிச்சம். ஜூனில் பெர்கனில் சூரியன் மறைய இரவு பதினொரு மணி ஆகும். அதற்குப் பிறகும் முழு இருட்டு கிடையாது. நான் தங்கிய மாணவர் விடுதியில் திரைச்சீலை மெல்லிசு, தூக்கமே வரவில்லை. எழுந்து துறைமுகத்துக்கு நடந்தேன். ஹாக்கோன் ராஜாவின் மண்டபம், 1261-லிருந்து நிற்கிறது, நடு ராத்திரி சாம்பல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இல்லை. ஆறரை மணிக்கு விளக்கு வைத்தே பழகிய ஊரிலிருந்து வந்த பையன் இந்த ராத்திரியைப் பற்றி ஊர் திரும்பி என்ன சொல்லியிருப்பான்? அம்மாவிடம் சொல்லியிருப்பானா? நம்பியிருப்பார்களா?

தெரிய வழியில்லை. சீகன்பால்குவின் கடிதங்கள் இருக்கின்றன. மிஷன் அறிக்கைகள் அச்சாகி இருக்கின்றன. ஹாலேயில் ஃபிராங்கே நிறுவனங்களின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைகள்கூட இருக்கின்றன. மலையப்பனை நமக்குத் தெரிவதே அந்தக் காகிதங்களால்தான். அந்த வகையில் சீகன்பால்குவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், பெயரையாவது எழுதினாரே! ஆனால் அத்தனையும் மலையப்பனைப் பற்றிய குறிப்புகள். மலையப்பன் சொன்னதாக, "நான் பெர்கன் பார்த்தேன், இப்படி இருந்தது" என்று ஒரு பக்கம் நம் கையில் இல்லை.

இத்தனைக்கும் எழுதத் தெரியாத சமூகமா என்றால் இல்லை. அதே தரங்கம்பாடியில் 1712 முதல் 1714 வரை தமிழர்கள் ஹாலே நகரத்தாரின் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். கல்யாணம், மருத்துவம், கடவுள், கணக்கு என்று எல்லாவற்றையும் பற்றி. ஜெர்மனில் "மலபார் கடிதங்கள்" என்று அச்சாயின. ஆக, கேட்டால் எழுதினார்கள். மலையப்பனிடம் "உனக்கு எங்கள் ஊர் எப்படி இருந்தது?" என்று கேட்டு எழுதி வாங்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

இங்கேதான் எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது.

கிழக்கேகோட்டை என்பது பத்மநாபசுவாமி கோயிலைச் சுற்றிய கோட்டையின் கிழக்கு வாசல். வெள்ளையடித்த வளைவு, பக்கத்தில் பஸ் கூட்டம், எதிரே காந்தி பார்க். இந்தக் கோட்டையும் கோயிலும் இன்றைய உருவத்துக்கு வந்ததில் பெரும்பங்கு மார்த்தாண்ட வர்மாவுக்கு. அவர் பெயரைச் சொன்னால் அடுத்து வருவது 1741 ஆகஸ்டு, குளச்சல் போர். டச்சுக் கம்பெனிப் படையை ஒரு இந்திய ராஜா மண்டியிட வைத்த போர். அதில் பிடிபட்ட ஒரு இளைஞர்தான் யூஸ்டாச்சியஸ் டிலனாய். பிடிபட்டபோது வயது 25. பிடித்த ராஜாவிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர் படையை ஐரோப்பிய முறையில் பழக்கி, கோட்டைகள் கட்டி, "வலிய கப்பித்தான்" ஆனார். 1777-இல் இறந்து, தக்கலைக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் புதைக்கப்பட்டார். கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மனைவிக்கும் மகனுக்கும்கூட அங்கே கல்லறைகள் உண்டு.

டிலனாய் பிறந்த வருஷம் 1715! மலையப்பன் பெர்கனில் இறங்கி ஆறு மாதம் கழித்து, டிசம்பரில், பிரான்சின் ஆராஸ் நகரத்தில் பிறந்தார். இங்கிருந்து ஒருவன் அங்கே போன வருஷத்தில், அங்கிருந்து இங்கே வரப் போகிறவர் பிறந்திருக்கிறார். கைதியாக வந்தவருக்கு நாம் தமிழில் கல்வெட்டு வைத்தோம். இன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியும். நம்மிடமிருந்து போனவனுக்கு அங்கேயும் கல் இல்லை, இங்கேயும் இல்லை. டிலனாய் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. வந்தவரை நினைவில் வைத்த அளவுக்குப் போனவனை நாம் வைக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

போனவர்கள் எல்லோரும் மலையப்பன் போலவே மறைந்துவிட்டார்களா? இல்லை. இருநூறு வருஷத்தில் நிலைமை மாறியது.

1908-இல் எங்கள் திருவனந்தபுரத்திலிருந்து இன்னொரு பையன், அவனும் ஒரு வெள்ளைக்காரரோடுதான், ஐரோப்பாவுக்குக் கப்பலேறினான். செண்பகராமன் பிள்ளை. 1891-இல் பிறந்தவர், நாஞ்சில் நாட்டு வேர் உள்ள தமிழ்க் குடும்பம், மகாராஜா பள்ளிக்கூடத்து மாணவர். கூட்டிப் போனவர் சர் வால்டர் ஸ்டிரிக்லண்ட் என்ற ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர். தொடக்கம் கிட்டத்தட்ட மலையப்பன் கதை மாதிரியேதான். ஆனால் செண்பகராமன் அங்கே போய் யாருக்கும் இலக்கணம் திருத்தவில்லை. சூரிச்சில் படித்தார். 1914-இல் அங்கேயே இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்து, சொந்தமாகப் பத்திரிகை நடத்தினார். பிறகு பெர்லின். எம்டன் கப்பலில் அவர் இருந்தார் என்று நம்மூரில் சொல்லும் கதைக்கு வலுவான ஆதாரம் கிடையாது. அது இல்லாமலே அவர் வாழ்க்கை போதுமான அளவு சாகசம். 1934-இல் பெர்லினில் இறந்தார். அவர் மனைவி லட்சுமிபாய் காத்து வைத்திருந்த அஸ்தி 1966-இல் போர்க்கப்பலில் கேரளத்துக்கு வந்தது.

ஸ்காண்டிநேவியாவுக்கே வந்தவர் என்றால் எம்.பி.டி. ஆச்சார்யா. 1887-இல் சென்னையில் பிறந்தவர். புதுச்சேரியில் பாரதியாரோடு "இந்தியா" பத்திரிகையில் வேலை செய்தவர். 1917-இல் சோஷலிஸ்டுகளின் சமாதான மாநாட்டுக்கான ஏற்பாடுகள் நடந்த ஸ்டாக்ஹோமுக்கு வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவோடு வந்து, இந்தியாவின் வழக்கை ஐரோப்பியத் தலைவர்கள் முன் வைக்க அங்கே ஒரு அலுவலகம் நடத்தினார். பின்னாளில் ஊர் திரும்பி, 1937-இல் தன் புரட்சிக் கால நினைவுகளைப் பத்திரிகையில் தொடராக எழுதினார். அதனால் நமக்கு அவர் அலைந்த ஊர்களும் பட்ட பசியும் அவர் வாயாலேயே தெரிகிறது. மலையப்பனுக்கும் ஆச்சார்யாவுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அறிவில் இல்லை. பேனா யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது.

நார்வேயும் நம்மிடம் வந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் கதை ஒருபக்கமாகிவிடும். 1952-இல் ஐ.நா., இந்தியா, நார்வே மூன்றும் கையெழுத்துப் போட்டு, அடுத்த வருஷம் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ நார்வேஜியன் மீன்பிடித் திட்டம் ஆரம்பித்தது. நார்வேயின் முதல் வெளிநாட்டு உதவித் திட்டம் அதுதான். இன்ஜின் படகு, ஐஸ் பாக்டரி, ஆஸ்பத்திரி எல்லாம் வந்தன. பிறகு இறால் ஏற்றுமதி சூடு பிடித்தது. டிராலர் வைத்திருந்தவர்களுக்குக் காசு. கட்டுமரக்காரர்களுக்கு வலையில் மீன் குறைந்தது. பல வருஷப் போராட்டத்துக்குப் பிறகு 1988-இல் கேரள அரசு மழைக்காலத்தில் டிராலருக்குத் தடை போட்டது.

இந்தத் திட்டத்தைப் பற்றி நார்வே மானுடவியலாளர் ஆர்னே மார்ட்டின் கிளாவுசன் 1968-லேயே புத்தகம் எழுதிவிட்டார். தன் நாட்டுத் திட்டத்தையே விமர்சனமாகப் பார்த்த நல்ல புத்தகம். நம் பக்கத்திலிருந்து, திருவனந்தபுரத்தில் இருந்த பொருளாதார அறிஞர் ஜான் குரியன் எண்பதுகளில் விரிவாக எழுதினார். இரண்டு பக்கமும் எழுதியதால்தான் இன்றைக்கு நாம் லாப நஷ்டத்தை வைத்து உருப்படியாக வாதம் செய்ய முடிகிறது. 1715-க்கு அந்த வசதி இல்லை. ஒரு பக்கம்தான் இருக்கிறது.

கடைசியாக, இன்றைய பெர்கன் தமிழர்கள். 1956-இல் யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அந்தோனி ராஜேந்திரம் தனி ஆளாக நார்வே வந்து சேர்ந்தார். மீன்பிடித் தொழிலைக் கற்றார். நார்வேக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு "சே-நோர்" என்ற அமைப்பை உண்டாக்கி யாழ்ப்பாணத்து மீனவர்களுக்கு வேலை கொடுத்தார். அவர் போட்ட பாதையில் எழுபதுகளில் இளைஞர்கள் நார்வேயின் மக்கள் உயர்பள்ளிகளுக்கு மாணவர்களாக வந்தார்கள். 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் அதிகம். வடக்குக் கோடியில், துருவ இருட்டில், மீன் பாக்டரிகளில் நின்று மீன் வெட்டிப் பிழைத்தார்கள். பிறகு ஒஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் நகர்ந்தார்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

அந்த வார இறுதியில் எனக்குச் சுடு சோறு போட்டது அப்படி ஒரு குடும்பம். மீன் சந்தையில் விலை கேட்டு மயங்கி நின்றவனை, "தம்பி, தமிழோ?" என்று கேட்டுக் கூட்டிப் போனார்கள். சாப்பாட்டு மேசையில் மலையப்பன் கதையைச் சொன்னேன். அந்த வீட்டு அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவனுக்கு ஆராவது சோறு குடுத்திருப்பினமோ?" என்றார். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் யாரும் கேட்காத கேள்வி. வடக்குக் கோடியில் முதல் குளிர்காலத்தை ரொட்டியும் டின் மீனுமாகக் கழித்தவருக்கு மட்டும் வருகிற கேள்வி.

எனக்கு அதிலிருந்துதான் ஒன்று புரிந்தது. பயணம் என்பது போய்ச் சேர்ந்த இடம் மட்டும் இல்லை. என்ன சாப்பிட்டான், யாரோடு பேசினான், எந்த ராத்திரியில் தூக்கம் வரவில்லை, இதெல்லாம் போனவன் எழுதினால் உண்டு. கூடப் போன பெரியவர் எழுதினால் ராஜா, போர், அச்சுக்கூடம், மிஷன் வரவு செலவுதான் வரும். அது அவர் வேலை. பையனின் வயிறு அவர் கண்ணில் படாது.

இப்போது நம் கிழக்கேகோட்டைத் தெருக்களிலிருந்து, சாலையிலிருந்து, கரமனையிலிருந்து, அப்புறம் நாகர்கோவில், மதுரை, கோவை என்று எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வடதேசத்துக்குப் படிக்க வருகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், பெர்கன் போகிறார்கள். கையில் கேமரா இருக்கிறது, நூறு படம் எடுக்கிறார்கள். நல்லது. படத்தில் ஊர் தெரியும். ஆனால் அந்த ஊர் நமக்கு எப்படி இருந்தது என்பது தெரியாது.

அதனால் அந்தத் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். திரும்பி வரும் ரயிலில் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், இலக்கியமும் வேண்டாம். டிக்கெட் எவ்வளவு, என்ன தின்றோம், யார் வழி சொன்னார்கள், எதைப் பார்த்து வீட்டு ஞாபகம் வந்தது, அவ்வளவு போதும். தேதி போட மறக்காதீர்கள். பெயரையும் போடுங்கள், அது ரொம்ப முக்கியம். வாய்ப்பு கிடைத்தால் ஹாலேக்கும் ஒரு வார இறுதியில் போய்வாருங்கள். லத்தீனும் பழைய ஜெர்மனும் தெரிந்த ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காகிதங்களைப் படித்துவிட்டார்கள். தமிழ் காதோடு படிக்கிறவர்களுக்கு அதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. மலையப்பன் திருத்திய வாக்கியம் எது என்று ஒரு வேளை நம்மில் ஒருவருக்குத்தான் கேட்கும்.

வீட்டில் தாத்தா, பாட்டன் யாராவது கப்பலேறிப் போய் எழுதிய பழைய கடிதம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியின் அடியில் கிடக்கிற அந்த இன்லண்டு லெட்டரும் ஏர்மெயிலும்தான் நம் பக்கத்துச் சாட்சி. அப்படி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து படிப்போம்.